விசுவாசமும் துணிவும்: தென்கோடித் திருச்சபையின் சரித்திரத்தில் ஒரு விசாரணை

ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து கிழக்கே இறங்கிவரும் பிரயாணிக்குச் சில மைல் தொலைவில் எதிர்ப்படும் வடக்கன்குளம் என்னும் ஊருக்குத் தமிழ்க் கிறிஸ்தவ சரித்திரத்தில் விசித்திரமான ஓர் இடம் உண்டு. 1745ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் உத்தியோகஸ்தராகிய நட்டாலம் நீலகண்ட பிள்ளை, இயேசு சபைக் குருவாகிய புத்தாரி அடிகளிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனது அவ்வூரில்தான். அதே ஊரில் 127 ஆண்டுகளுக்குப் பின், 1872இல் எழுந்த ஆலயமோ, பீடத்தருகே ஒன்றாய்க் கூடிப் பின்னே இரண்டாய்ப் பிரிந்து செல்லும் நீண்ட மண்டபங்களைக் கொண்டிருந்தது. ஒரு மண்டபம் வேளாளருக்கு, மற்றொன்று நாடாருக்கு, இடையிலே சுவர். கால்சட்டை போன்ற கோயில் என்று பார்த்தவர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். பதவியையும் குலப்பெருமையையும் இறுதியில் உயிரையும் ஒருவர் துறந்ததற்குச் சாட்சியாய் நின்ற ஊரில், எதையும் துறவாமலே பூசை காண்பதற்கு மற்றவர்களுக்குச் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு வசதி செய்து தரப்பட்டது.

துணிவான விசுவாசம் மனிதரையும் சமூகத்தையும் மாற்றும் வல்லமை உடையதா என்னும் கேள்விக்கு விடை தேட விரும்புகிறவர், இந்த இரண்டு காட்சிகளையும் ஒருங்கே மனத்தில் நிறுத்திக்கொள்வது நலம். பக்தர்கள் எழுதிய சரித்திரங்கள் முதற்காட்சியோடு முடிந்துவிடுகின்றன. கண்டனக்காரர்கள் எழுதியவை இரண்டாவதிலிருந்தே தொடங்குகின்றன. இரு சாராரும் பார்த்தது உண்மையே. ஆயினும் பாதி உண்மைகள் இரண்டை ஒட்டவைத்தால் முழு உண்மை கிடைத்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை.

முதலில் சொற்களைக் கவனிப்போம். விசுவாசம் என்னும் சொல், கிறிஸ்தவ வேதத்தின் தமிழ் மொழிபெயர்ப்புகளில் தேவன்மேல் வைக்கும் நம்பிக்கையைக் குறிக்க வழங்குகிறது. வீட்டு வழக்கிலோ அது எஜமானிடத்தில் ஊழியன் காட்டும் பற்றையும், ஏன், நாயின் நன்றியையும்கூடக் குறிக்கும். துணிவு என்பதோ துணித்தலோடு, அதாவது வெட்டுதலோடு, உறவுடைய சொல். எண்ணிய பின்னரே துணிய வேண்டும் என்று வள்ளுவர் வற்புறுத்தியது, ஒருமுறை வெட்டியதை மீண்டும் ஒட்ட முடியாது என்பதை உணர்ந்துதான் போலும். ஆகவே விசுவாசம் பற்றிக்கொள்வது, துணிவு அறுத்துக்கொள்வது. துணிவான விசுவாசம் என்று ஒன்று இருக்குமாயின், அது எதைப் பற்றிக்கொண்டது என்பதைக் காட்டிலும் எதை அறுத்தது என்று கேட்பதே அதை அளக்கும் நேரான வழி என்பது என் எண்ணம். பற்றிக்கொண்டதை வாயால் சொல்லிவிடலாம். அறுத்ததை ஊரார் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

எல்லா மதமாற்றமும் துணிவில் பிறந்தது அன்று என்பதையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களின் நடுவில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றது, முத்துக் குளிப்பில் தங்களுக்கு இருந்த உரிமையைப் போட்டியாளரிடமிருந்து காத்துக்கொள்ளப் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிச் செய்த ஒரு ராஜ தந்திர ஏற்பாடு. 1542இல் சவேரியார் அந்தக் கரைக்கு வந்தபோது, பெயரளவில் கிறிஸ்தவர்களாயிருந்த அம்மக்களுக்கு ஜெபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுப்பதிலிருந்து அவர் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஆனால் 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருமாரை ஒடுக்கியபோது, பாதுகாப்புக்காக மதம் மாறியவர்களின் பேரப்பிள்ளைகள், பாதுகாப்பை முன்னிட்டு மீண்டும் ஒருமுறை மாறிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். லாபத்தில் தொடங்கியது நஷ்டத்திலும் நிலைத்தது. ஒரு விசுவாசத்தின் தன்மையை அதன் பிறப்பைக்கொண்டு மட்டும் தீர்மானிக்கலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தமிழ்க் கரையில் இல்லை.

தேவசகாயத்தின் கதை நேர்மாறானது. 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்த டச்சுத் தளபதி டிலனாய், குடும்பத் துன்பங்களால் மனம் நொந்திருந்த அவருக்கு வேதாகமத்து யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார் என்பது மரபு. அவர் மனைவியும் ஞானப்பூ என்ற பெயரோடு திருச்சபையில் சேர்ந்தார். 1749இல் தேவசகாயம் சிறைப்படுத்தப்பட்டதற்குக் காரணம் மதமா, அரண்மனைப் பகையா என்று சரித்திரக்காரர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். இரண்டையும் பிரிப்பது அக்காலத்தில் அவ்வளவு எளிதாக இருந்திருக்குமா என்பதே என் சந்தேகம். ராஜவிசுவாசத்துக்கும் தேவவிசுவாசத்துக்கும் ஒரே சொல் வழங்கும் நாட்டில், ஒன்றைப் புதிதாக ஏற்றவன் மற்றொன்றில் குறைந்தவன் என்று கோள் சொல்வதற்கு அதிக சாமர்த்தியம் தேவையில்லை. எல்லாச் சாதியாரோடும் வேற்றுமையின்றி அவர் கலந்து பழகியது மேற்குலத்தாரின் கோபத்தைக் கிளறியது என்பதைத் திருச்சபையின் ஏடுகளே குறிப்பிடுகின்றன. எருமைமேல் பின்புறம் நோக்கி உட்கார வைத்து ஊர் ஊராய் இழுத்துச் செல்லப்பட்ட அவர், 1752 ஜனவரி 14ஆம் தேதி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த அவமானத்தின் முறையை உற்றுநோக்க வேண்டும். அது உடலுக்கு விதித்த தண்டனை மட்டுமன்று. அவர் அறுத்தெறிந்த அந்தஸ்தை ஊரறிய அறுத்துக்காட்டும் சடங்கும் ஆகும்.

பாளையங்கோட்டைக் கிளாரிந்தாவின் துணிவு வேறொரு வகை. தஞ்சாவூர் மராத்திய பிராமணக் குடும்பத்து விதவையாகிய அந்த அம்மையார், ஓர் ஆங்கிலச் சேனாதிகாரியின் துணையாய் வாழ்ந்தபோது ஞானஸ்நானம் கேட்டார். சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பின், 1778இல், அவரே அதைக் கொடுத்தார். சொந்தக் குலம் தள்ளிவிட்டது, வெள்ளையர் சமூகம் ஏற்கவில்லை, கேட்ட மதமும் முதலில் வாசலை அடைத்தது. இத்தனைக்கும் பிறகு ஒரு பெண் சபை ஒன்றைக் கூட்டியதும், 1785இல் சுவார்ட்ஸ் கையால் பிரதிஷ்டை செய்யப்பட்ட சிற்றாலயத்தைக் கட்டியதும் சாமானியமான காரியங்கள் அல்ல. 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவில் இருந்தவர்கள் 40 பேர். திருநெல்வேலித் திருச்சபை என்னும் பெரிய விருட்சத்தின் விதை அவ்வளவுதான். அ. மாதவையா 1915இல் கிளாரிந்தாவின் பெயரையே தலைப்பாக வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். கிறிஸ்தவர் அல்லாத அந்தச் சீர்திருத்தவாதிக்கு அவர் வாழ்க்கையில் கிடைத்தது, சமயப் பிரசாரத்துக்கான பொருளன்று. ஒரு பெண்ணின் தன்மானத்துக்கான பொருள்.

தனி மனிதர் துணிவது ஒன்று, ஒரு கூட்டமே துணிவது மற்றொன்று. இரண்டாவதை அறிய வேண்டுமானால் தேரிக்காட்டுக்குப் போக வேண்டும். செம்மணல் காற்றில் பறக்கும் அந்தப் பூமியில், விடியுமுன் பனையேறிப் பதனீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்த குடிகளுக்கு ஏறும் மரமும் குடியிருக்கும் மனையும் பெரும்பாலும் பிறருடையவை. அப்படிப்பட்டவன் ஒருவன் ஊர்த் தெய்வத்துக்கு வரி கொடுக்கவும் தேர் இழுக்கவும் மறுத்தால், மரம் போகும், மனை போகும், கிணறு போகும். அவனோடு அவன் பெண்டு பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள். இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தவைதாம் கிறிஸ்தவக் குடியிருப்புகள். சுந்தரானந்தம் தாவீது என்னும் உபதேசியாரின் முயற்சியால் 1799இல் எழுந்த முதற்குடியிருப்புக்கு முதலூர் என்றே பெயராயிற்று. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் ஐயர், துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றுவதற்கென்றே 1830இல் தர்ம சங்கம் ஒன்றை நிறுவினார். பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனா கொடுத்த பணத்தில் 1827இல் வாங்கப்பட்ட ஊர் டோனாவூர் ஆயிற்று. நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம், ஆனந்தபுரம் என்று பனங்காட்டுக்கு நடுவே அந்நியமும் தமிழும் கலந்த பெயர்கள் முளைத்தன.

விசுவாசத்தின் சரித்திரத்தில் நிலப்பத்திரத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். என் கணிப்பில் அதற்குத்தான் முதல் வேலை. பிறன் மனையில் குடியிருப்பவனின் துணிவு ஒரு நாள் துணிவு. அவனுக்கென்று கையகல நிலம் கிடைத்த பிறகே அது தலைமுறைத் துணிவாகிறது. அந்தக் குடியிருப்புகளில் தெருக்கள் நேராக அளந்து போடப்பட்டன, கிணறுகள் தோண்டப்பட்டன, கோயிலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் வந்தது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுகிறவன் பாடங்களை மனப்பாடம் செய்ய வேண்டும், அவன் பிள்ளை அவற்றை வாசிக்க வேண்டும் என்னும் நியதி, எழுத்தையே தொடாதிருந்த வீடுகளில் ஏட்டைக் கொண்டுபோய் வைத்தது. மெய்ஞ்ஞானபுரத்து ஆலய கோபுரத்தின் 192 அடி உயரத்தைச் சரித்திரங்கள் பெருமையோடு குறிக்கின்றன. உலையில் அரிசியிடுமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் கைப்பிடி அரிசியைச் சபைக்கென்று தனியே எடுத்துவைத்த வழக்கமோ அடிக்கணக்கில் அகப்படாதது. ஆயினும் பிற்காலத்தில் வெளிநாட்டுப் பணமின்றி ஊழியம் நடத்தும் தைரியம் அந்தப் பானையிலிருந்துதான் பிறந்தது. ஊரே பந்தியில் அமர்ந்து உண்ணும் அசனப் பண்டிகையும் அத்தகையதே. யாரோடு உட்கார்ந்து உண்பது என்பது இந்த நாட்டில் வேதாந்தத்தைவிடப் பெரிய கேள்வி.

சோற்றுக்காக மாறியவர்கள் என்னும் பழைய ஏளனத்தை ஒதுக்கிவிட்டுப் போகலாகாது. 1877, 78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில் மிஷன்களின் நிவாரணப் பணிக்குப் பின் ஆயிரமாயிரம் பேர் சபைகளை நாடினார்கள் என்பதும், அவர்களில் ஒரு பகுதியார் மழை பெய்தபின் திரும்பிப் போனார்கள் என்பதும் உண்மைகள். பசித்தவன் சோறு போட்டவனிடம் போனான் என்பதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வாறு வந்தவனை அச்சபை பிறகு எவ்வாறு நடத்தியது, அவனும் பிறகு எதைத் துணிந்தான் என்பனவே ஆராய்வதற்குரியவை.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு கணவாய்க்கு மேற்கே போனால், துணிவு என்னும் சொல்லும் துணி என்னும் சொல்லும் ஒரு வேரில் கிளைத்தவை என்பது நினைவுக்கு வரும். நெசவுத் தறியிலிருந்து அறுத்தெடுத்ததே துணி. மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் குலத்து மகாராசன், சிதம்பரத்துக்கு யாத்திரை போய்த் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கோலாப் ஐயரின் உபதேசம் கேட்டு வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைப்பின் பயனாக ரிங்கல்தௌபே ஐயர் 1806இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். அக்காலத்து அந்நாட்டில் நாடார் முதலிய சாதிகளின் பெண்கள் மேலுடம்பை மறைப்பதற்குத் தடையிருந்தது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டை அணியலாம் என்று திவான் மன்றோ காலத்தில் அனுமதி பிறந்தது. ஆனால் அப்பெண்கள் அதன்மேல் தோள்சீலையும் அணியத் தொடங்கியபோது 1820களில் கலகம் மூண்டது. சந்தைக்குப் போன பெண்களின் சீலை கிழிக்கப்பட்டது, பள்ளிகளும் ஜெப வீடுகளும் எரிக்கப்பட்டன. 1829இல் வந்த உத்தரவு குப்பாயத்தோடு நின்றுகொள்ளச் சொன்னது. நிற்க அவர்கள் ஒப்பவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப்பின், மீண்டும் கலகம் மூண்டு, சென்னைக் கவர்னர் டிரெவெலியனின் நிர்ப்பந்தமும் சேர்ந்த பிறகு, 1859 ஜூலை 26ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா மேலுடம்பை மறைத்துக்கொள்ள அனுமதிக்கும் விளம்பரம் வெளியிட்டார். கிறிஸ்தவப் பெண்களுக்கு மட்டுமன்றி இந்துக்களாகிய நாடார் பெண்களுக்கும் சேர்த்தே அந்த உரிமை கிடைத்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு சபையார் தங்களுக்கென்று துணிந்தது, சபைக்கு வெளியே இருந்தவர்களின் தோளையும் மூடிற்று.

இந்தப் போராட்டத்தில் மிஷனரிகளின் மனுக்களும் கடிதங்களும் காகிதத்தில் பத்திரமாக இருக்கின்றன. சீலையணிந்து சந்தைக்கு நடந்த பெண்களின் பெயர்கள் அநேகமாக இல்லை. மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்த பின்னல் லேஸ் வேலை அவர்களில் பலருக்குச் சொந்தக் கூலியைக் கொடுத்தது. கையில் காசுள்ள பெண்ணுக்கும் இல்லாத பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு எந்தக் காலத்திலும் பிரசங்கத்தைக் காட்டிலும் பெரியது. அதே நாட்டில், அதே காலத்தில், கிறிஸ்தவத்தை ஏற்காத அய்யா வைகுண்டர் தம்மைப் பின்பற்றிய ஒடுக்கப்பட்ட ஆண்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று வழிபடச் செய்தார் என்பதையும் மறக்கலாகாது. துணிவு ஒரு மதத்தின் ஏகபோகம் அன்று. ஒருவர் துணிந்ததைக் கண்டு மற்றவரும் துணிகிறார், யார் முதலில் என்னும் வழக்கு வழக்கறிஞர்களுக்கு உரியது.

விசுவாசத்தில் துணிவைக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு எதிராகவே அந்தத் துணிவு திரும்பியதும் உண்டு. இடையன்குடியில் ஐம்பதாண்டு வாழ்ந்து, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், அதற்கு முன் 1849இல் சாணார்கள் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட நாடார்களைப் பற்றி எழுதிய சிறு நூலில், தம் சபையாரின் முன்னோர்களை மதிப்புக் குறைவாகச் சித்திரித்துவிட்டார். அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, மிஷனரிகளின் அதிகாரமும் பணமும் வேண்டாம் என்று 1857இல் பிரிந்து, சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொண்ட தனிச் சபை ஒன்றைக் கண்டார். வேதத்தை வாசிக்கக் கற்றவன், கற்பித்தவரையே அதைக்கொண்டு நிறுத்துப் பார்ப்பது தவிர்க்க முடியாத விளைவு. மிஷனரிகள் இதை நன்றிகெட்ட செயலென்று கருதினார்கள். நானோ அவர்களுடைய பள்ளிக்கூடங்கள் நன்றாகவே நடந்தன என்பதற்கு அத்தாட்சியாகக் கொள்கிறேன்.

இனி, அறுபடாததைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபைகள் பிளந்தன. சுவார்ட்ஸின் மாணவரும் தமிழ்க் கிறிஸ்தவக் கவிதையின் சிகரங்களில் ஒருவருமாகிய வேதநாயகம் சாஸ்திரியார், சாதியாசாரத்தை ஆதரிக்கும் பக்கத்தில் நின்றார். அவரைத் தூற்றுவது எளிது. பூவும் பொட்டும் பாட்டும் போன்ற நம் நாட்டு வழக்கங்களை அந்நியர் அழிக்கிறார்கள் என்னும் அவருடைய வேதனையில் நியாயம் இருந்தது. ஆனால் பந்தியில் யார் பக்கத்தில் யார் என்னும் கேள்வியையும் அதே மூட்டையில் கட்டிவைத்துவிட்டார். அந்த மூட்டையை இன்னும் முழுதும் அவிழ்த்தவர் இல்லை. தமிழ்நாட்டின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் வரையில் சாதி கூடவே போகிறது. கல்யாண விளம்பரத்தில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே குலத்தின் பெயரும் அச்சாகிறது.

மெய்ஞ்ஞானபுரத்துக்கு அருகே வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியாவின் வாழ்க்கையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தில் தமிழ்நாட்டுக் கரைக்கு ஊழியர் அனுப்பிவருவதைக் கண்டு, எண்ணிக்கையில் பெரியதும் வயதில் மூத்ததுமாகிய தம் திருநெல்வேலிச் சபை அப்படி ஒன்றும் செய்யவில்லையே என்று வெட்கினார். அடுத்த ஆண்டு, 1903இல், இந்திய மிஷனரி சங்கம் பாளையங்கோட்டையில் தோன்றியது. ஆளும் பணமும் முழுதும் நம்மவரே என்பது அதன் விதி. தாமே தெலுங்கு கற்றுக்கொண்டு தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். அங்கே ஞானஸ்நானம் பெற்ற மாலா, மாதிகா மக்கள் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்து, நற்செய்தியை அறிவிக்காவிட்டால் தமக்குக் கேடு என்று உறுதிமொழி எடுத்தார்கள். தீண்டத்தகாத தலையென்று ஊரார் ஒதுக்கிய தலையின்மேல் ஒருவன் தன் கையையே வைத்துக்கொண்டு பேசுவது, கேட்கிறவரைவிடப் பேசுகிறவரை அதிகம் மாற்றும் செயலன்றோ.

பெண்களுக்கான பணிகளில் இருவர் பெயரைச் சுருக்கமாகவேனும் குறிக்காமல் போனால் கட்டுரை குறைவுபடும். 1901இல் ஓடிவந்த ஒரு சிறுமியை ஏற்றதிலிருந்து, கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்பட இருந்த பெண் குழந்தைகளுக்கு டோனாவூரை வீடாக்கினார் ஏமி கார்மைக்கேல். ஆண் மருத்துவரிடம் காட்டச் சம்மதியாமல் பிரசவ வேதனையில் பெண்கள் இறந்துபோன ஓர் இரவைத் திண்டிவனத்தில் கண்ட ஐடா ஸ்கடர், 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1922இல் முதல் வகுப்பில் 14 பேர் தேறினார்கள். பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் ஒழித்தது வேறொருவரது நெடும் போராட்டத்தின் பயன். முத்துலட்சுமி ரெட்டியைச் சொல்லாமல் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்ல முடியாது.

1910ஆம் ஆண்டு ஜூன் மாதம் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், முப்பத்தைந்து வயது அசரியா எழுந்து, வெள்ளை மிஷனரிகள் எங்களுக்குப் பொருளையும் உழைப்பையும் தருகிறார்கள், சிநேகத்தைத் தருவதில்லை, சமமாய் ஒரு மேசையில் அமர்த்துவதில்லை என்னும் கருத்தைச் சபையறியச் சொன்னார். பலர் முகம் சுளித்தார்கள். அதே 1910ஆம் ஆண்டில் வடக்கன்குளத்துக் கோயிலின் நடுச்சுவர் இடிக்கப்பட்டது. சுவரை இழந்த வேளாளக் கிறிஸ்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வழிவழி வந்த உரிமை என்று சொல்லி அத்தியட்சர் மேல் வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் அவ்வழக்கு தோற்றது. தேவசகாயத்தை 2022 மே மாதம் 15ஆம் தேதி ரோமாபுரியில் புனிதர் என்று அறிவிப்பதற்கு முன், பிள்ளை என்னும் ஒட்டு அவர் பெயரில் இருக்கலாகாது என்று வேண்டுகோள்கள் போயின; வத்திக்கானும் இணங்கியது. வடக்கன்குளத்தில் அவர் விட்டுவிட்டு வந்த அந்த ஒட்டு, ஏடுகளில் அவர் பெயரை விட்டு நீங்குவதற்கு, காற்றாடிமலையில் அவர் விழுந்த பின் ஏறக்குறைய 270 ஆண்டுகள் ஆயின.